2018–19 ஆண்டறிக்கை: தலைமையகப் போட்டியும் தரவரிசைகளும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வடக்கு வர்ஜீனியாத் தமிழர்களாகிய நமது சங்கத்தில் இவ்வாண்டு பொங்கல் விழாவும் நூல் பரிமாற்றமும் வழக்கம்போல் நடந்தேறின. மாதக் கூட்டங்களின் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது, அமேசானின் இரண்டாம் தலைமையகம் எந்த ஊருக்குக் கிடைக்கும் என்ற கேள்விதான்.

2017 செப்டம்பரில் அந்நிறுவனம் 50,000 வேலைகள் என்று அறிவித்ததும் 238 இடங்கள் விண்ணப்பித்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை, பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 45 நிமிடப் பயணம் முதலிய, நிறுவனம் வெளியிட்ட ஒரே விருப்பப் பட்டியலை வைத்துக்கொண்டு நியூயார்க் டைம்ஸ் டென்வரைத் தேர்ந்தது. பொருளாதார ஆய்வு நிறுவனமான மூடிஸ் அனலிட்டிக்ஸ் ஆஸ்டினுக்கு முதலிடம் தந்தது. மூடிஸின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த ராச்செஸ்டர், 2018 ஜனவரியில் அமேசான் வெளியிட்ட இருபது இடங்களின் இறுதிப் பட்டியலில்கூட வரவில்லை. மதிப்பெண்களை வெறுமனே கூட்டினால், செலவு குறைந்த ஊர் அந்த மலிவைக் கொண்டே ஆள்பலக் குறையை ஈடுகட்டிவிடும். ஆயிரக்கணக்கான பொறியாளர்களைத் தேடும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு உதவாது.

இத்தரவரிசைகள் பெருநகரப் பகுதியையே ஓர் அலகாகக் கொண்டதும் பிழையே. அந்த இருபதில் வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா, மேரிலாந்தின் மான்ட்கமரி கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆகிய மூன்றும் தனித்தனியாக நின்றன. நிறுவனத்தை ஈர்க்க வரிச்சலுகை முதலியவற்றை வழங்குவோர் மாநிலமும் கவுன்டியும் என்பதால், ஒரே பெருநகரப் பகுதிக்குள்ளேயே போட்டி நடந்தது.

ஆகஸ்டில் நாமே ஊர்களுக்கு மதிப்பெண் இட்டுத் தயாரித்த பட்டியலும் பிழைகளில் இவற்றுக்குச் சளைத்ததன்று. விமான நிலையத் தொலைவையும் நேரடி விமானங்களையும் தனித்தனியே எண்ணி, ஒரே வசதிக்கு இருமுறை மதிப்பெண் இட்டோம். சொந்த வீடு உள்ளோர் நம் பகுதிக்கும், வாடகைக்கு இருப்போர் வேறெந்த ஊருக்கேனும் அள்ளி வழங்கியதையும் (செயலாளர் முதல் வகையினர்) பதிவு செய்கிறேன்.

2018 நவம்பர் 13 அன்று தலைமையகம் ஆர்லிங்டனுக்கும் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டிக்கும் தலா 25,000 வேலைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரே ஊர்தான் வெல்லும் என்பதில் மட்டும் நாம் பார்த்த பட்டியல்கள் எல்லாம் ஒன்றுபட்டிருந்தன. ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகைக்கு நியூயார்க்கில் எழுந்த எதிர்ப்பால் 2019 பிப்ரவரி 14 அன்று நிறுவனம் அங்கிருந்து விலகியது. உள்ளூர் எதிர்ப்புக்கென நம் மதிப்பெண் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

விமானக் கட்டங்கள் இரண்டும் இணைக்கப்பட்டன. வாடகை உயர்வைச் சாதகமாகக் கொள்வதா, பாதகமாகக் கொள்வதா என்பதில் மூன்று கூட்டங்களிலும் முடிவு எட்டாததால், அக்கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.