புஷ் ஆற்றுத் தண்ணீரின் விசையால் ஓடிய டிராம்: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போர்ட்ரஷ் – புஷ்மில்ஸ் மின்சார டிராமின் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் எங்கள் சிறு கண்காட்சி சென்ற சனிக்கிழமை நல்லபடியாக நடந்து முடிந்தது. கோல்ரெய்ன் வட்டாரத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களோடு ஊர்க்காரர்களும் திரளாக வந்து மண்டபத்தை நிறைத்தார்கள். நேரில் நன்றி சொல்ல விட்டுப்போனவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி நூலகத்து அம்மாவுக்கு. வட அயர்லாந்தின் இந்தக் கடலோரத்தில் 1883-லேயே மின் டிராம் ஓடியது என்று அவர் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரியும். அந்த ஆண்டு ஜனவரியில் முதலில் நீராவி எஞ்சினோடு ஓடத் தொடங்கி, செப்டம்பர் 28 அன்று மின்சார வண்டியாக முறைப்படி திறக்கப்பட்டது. மதராஸில் மின் டிராம் வந்தது 1895-ல். அதற்கும் 12 ஆண்டு முந்தியது இது. பழைய வரைபடங்களைப் பொறுமையாக எடுத்து விரித்து, டன்லூஸ் கோட்டையை ஒட்டிப் போன பாதையை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தப் பாதையைக் கட்டிய வில்லியம் டிரெய்ல் புஷ்மில்ஸ் பக்கத்துக்காரர், நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். கோல்ரெய்னிலிருந்து வரும் ரயில் போர்ட்ரஷோடு நின்றுவிடும். ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற கடலோரப் பாறைத் தூண்களைப் பார்க்க வருகிறவர்கள் அதற்கப்பால் குதிரை வண்டியில்தான் போகவேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க நினைத்தவர், அண்ணன் அந்தோனியின் துணையோடும் மின்பொறியாளர் வில்லியம் சீமென்ஸின் தொழில்நுட்பத்தோடும் புஷ் ஆற்றின் அருவியில் டர்பைன்கள் என்ற நீர்ச்சக்கரங்களை வைத்து, அவற்றால் மின்சாரம் தரும் டைனமோவைச் சுழற்றினார். உலகில் நீர்மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் பாதைகளில் இது ஒன்று. முதலில் புஷ்மில்ஸ் வரை சுமார் 6 மைல்; 1887-ல் காஸ்வே வரை நீட்டினார்கள். சீமென்ஸ் திறப்பு விழாவைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு நவம்பரில் காலமானார். தன் பங்களிப்பு ஓடுவதைக் கண்ணால் கண்டுவிட்டுப் போனாரே என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

டிராமின் சிறு மாதிரியைச் செய்து தந்த மின்பொறியாளர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது! அன்று எல்லோரும் சூழ்ந்து நின்றது அவர் மேசையைத்தான். தொடக்கத்தில் இந்த டிராமுக்கு மேலே கம்பி கிடையாது. பாதையோரமாக, தாரில் கொதிக்கவைத்த மரக்கட்டைகளை 10 அடிக்கு ஒன்றாக நட்டு, தரையிலிருந்து 17 அங்குல உயரத்தில் ஓர் இரும்புத் தண்டைப் பொருத்தியிருந்தார்கள். அதில்தான் மின்சாரம். வழியில் வயல்களுக்குப் போகும் வாசல்கள் வருமே, அங்கே என்ன செய்வது? தண்டை அந்த இடத்தில் அறுத்துவிட்டு, மண்ணுக்கடியில் கேபிள் போட்டு இரு முனைகளையும் இணைத்தார்கள். வண்டியின் முன்னும் பின்னும், தண்டைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் வில் (தொடுவில்) ஒவ்வொன்று இருந்தது. பின்தொடுவில் தண்டை விட்டு விலகுவதற்குள் முன்தொடுவில் இடைவெளியைத் தாண்டி அந்தப் பக்கத் தண்டைப் பிடித்துவிடும். வாசல் அகலமாக இருந்தால் வண்டி தன் வேகத்திலேயே கடந்துவிடும். அண்ணன் பித்தளைத் தகடுகளால் இதைச் செய்துகாட்டியபோது, சின்ன விளக்கு அணையாமலே வண்டி இடைவெளியைத் தாண்டியது. பிள்ளைகள் "இன்னொரு தடவை, மாமா" என்று அவரை விடவே இல்லை.

அந்தத் தண்டின் ஆபத்தையும் மறைக்காமல் பலகையில் எழுதவேண்டும் என்று வற்புறுத்திய செவிலியர் அக்காவுக்குத் தனி நன்றி. போர்ட்ரஷ் தெருக்களில் அதை அமைக்க முடியாததால், ஊருக்குள் நீராவி எஞ்சின்தான் பெட்டிகளை இழுத்தது. 1895-ல் சைக்கிளில் போன ஒருவர் தண்டில் பட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். 1899-ல் எல்லாவற்றையும் மேல்கம்பிக்கு மாற்றினார்கள். இரவுப் பணி முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து தமிழ்ப் பலகைகள் அத்தனையையும் திருத்தித் தந்தவரும் அந்த அக்காதான்.

சின்ன வயதில் இதே டிராமில் போன பெரியவர் ஒருவர் மகளோடு வந்திருந்தார். பக்கமெல்லாம் திறந்த பெட்டி, முகத்தில் கடல்காற்று, மழை வந்தால் அம்மா தன் கோட்டுக்குள் இழுத்துக்கொள்வது என்று நாற்காலியில் சாய்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல, மண்டபமே அமைதியாகக் கேட்டது. 1949 கோடையோடு வண்டி நின்றது. அடுத்த ஆண்டு திறக்கவில்லை. ஐயா, நீங்கள் சொன்னதைப் பதிவுசெய்ய அனுமதித்ததற்கு மனமார்ந்த நன்றி.

புஷ்மில்ஸுக்கும் காஸ்வேக்கும் இடையே பழைய தடத்தில் 2002-ல் சிறு ரயில் ஒன்றைத் தொடங்கினார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனபோது, தடத்தின் திருப்பங்களை நின்று விளக்கிய பணியாளருக்கும் நன்றி. மண்டபத்தை வாடகையில்லாமல் தந்தவர்கள், சுண்டலும் தேநீரும் கொண்டுவந்த வீடுகள், படம் வரைந்த பிள்ளைகள், கடைசிவரை இருந்து நாற்காலி அடுக்கிய இளைஞர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

பலகைகளும் மாதிரியும் இப்போது எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பள்ளியிலோ விழாவிலோ வைக்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம். மாதிரியை இயக்கிக் காட்ட அண்ணனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர் சார்பில்