எண்ண வேண்டிய ஓட்டுகளை மாடரேட்டர் எப்படி முடிவு பண்ணலாம்? - புகார் கடிதம்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, கஸ்டமர் சப்போர்ட்
பொருள்: உங்க ஆன்லைன் அரசியல் கேம்ல நம்பிக்கை வாக்கெடுப்பு ரிசல்ட்டை மாடரேட்டர் மாத்தினது, சப்போர்ட்டோட அலட்சியம்

ஐயா / மேடம்,

சாட், மெயில், போன், நேர்ல வர்றதுன்னு எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துட்டு முடியாமத்தான் இதை எழுதுறேன். புகார் டிக்கெட்டை ஒவ்வொரு தடவையும் வேற ஆளு எடுக்குறாங்க, மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்கன்றாங்க, கடைசில ரிசால்வ்டுன்னு போட்டு மூடிடுறாங்க. என்ன ரிசால்வ் ஆச்சு, யாருக்கு ஆச்சு?

நடந்தது உங்களுக்கே தெரியும், எல்லாப் பதிவும் உங்க சர்வர்லதான் இருக்கு. ஒவ்வொரு பிளேயரும் ஒரு கட்சியை நடத்துற, மாடரேட்டர் நடுவரா இருக்குற தமிழ்நாடு ரூம், 234 சீட்டு, எங்க கூட்டணிக்கு 121. மெஜாரிட்டிக்கு 118 போதும். இப்படித்தான் ஓட்டு போடணும்ன்ற கொறடா உத்தரவு டைமுக்கு முன்னாடியே போட்டாச்சு, கூட்டணி பிளேயர் அத்தனை பேரும் ஆதரவுன்னு ஓட்டை உறுதி பண்ணியாச்சு. விடிஞ்சு பார்த்தா 112க்கு 122, ஆட்சி கவுந்துடுச்சு. கீழ மாடரேட்டர் நோட்டு ஒரே வரி, அதிருப்தி எம்எல்ஏக்கள் 9 பேர் மாத்தி ஓட்டு போட்டாங்களாம். அந்த 9 பேரும் எங்க கூட்டணில 30 சீட்டு வெச்சிருக்குற கட்சிக்காரங்க, அதை நடத்துறது பெரம்பூர்ல இருக்குற ஒரு தம்பி, அவன் பதறிப்போய் போன் பண்ணி அண்ணே நான் எதுவும் பண்ணலண்ணே, சத்தியமா ஆதரவுதான் போட்டேன்னு அழாத குறையா சொல்றான். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட வெச்சுட்டீங்க.

உங்க ரூல் புக்லயே கட்சித்தாவல் சட்டம் அப்படியே இருக்கு. மூணுல ரெண்டு பங்கு, அதாவது 30ல 20 பேர் சேர்ந்து வேற கட்சியோட இணைஞ்சாத்தான் பதவி தப்பும். 9 பேர் கொறடாவை மீறினா பதவி பறிபோகும்னு தெரிஞ்சே எதுக்கு மீறுவாங்க? காசா, மந்திரி பதவியா, மிரட்டலா? எதுவுமே நோட்டுல இல்ல. கேட்டதுக்கு மாடரேட்டர் சொன்ன பதில் என்ன தெரியுமா, ரூம் ஒரே பக்கமா போகுது, கதைக்கு ஒரு திருப்பம் வேணும்னு நெனச்சேன்றார். நாங்க வாரக்கணக்கா ஒவ்வொரு பிளேயரா பேசி, தொகுதிப் பங்கீடு முடிச்சு, விடிய விடிய கணக்கு போட்டு சேர்த்த கூட்டணி சார் அது!

மாடரேட்டரே வேணாம்னு நான் சொல்லல, அதை முதல்ல புரிஞ்சுக்கோங்க. போன சீசன்ல புயல் ரவுண்டுல எங்க நிவாரண பிளான் லேட்டுன்னு சொல்லி கடலோரத் தொகுதில எங்களுக்கு சரிவு குடுத்தாங்க. அப்ப இருந்த மாடரேட்டர் ஏன் எதுக்குன்னு முழுசா எழுதியிருந்தார், படிச்சேன், வலிச்சுது, ஒத்துக்கிட்டேன். ஒரு பேச்சு ஜனங்க கிட்ட எடுபடுமா, ஒரு ஊழல் புகார் எவ்ளோ தூரம் போகும், இதுக்கெல்லாம் ஃபார்முலா கிடையாது, ஒரு மனுஷன் யோசிச்சுத்தான் சொல்லணும். 1824லயே பிரஷ்யா ராணுவத்துக்காரங்க போர் விளையாட்டுக்கு நடுவர் வெச்சிருந்தாங்க. ஆனா 1959ல வந்த டிப்ளமசி போர்டு கேம் பாருங்க, பகடையே கிடையாது, எல்லாரும் ஆர்டர் எழுதிக் குடுப்பாங்க, ரூல் என்ன சொல்லுதோ அதான் முடிவு. ஓட்டு எண்ணிக்கையும் அந்த ரகம்தான். எண்ணினா தெரிஞ்சுடப் போறதுக்கு எதுக்கு சார் ஒருத்தரோட அபிப்ராயம்?

நிஜத்துல கவர்னருக்கே அந்த உரிமை கிடையாது. 1994ல, கர்நாடக முதல்வரா இருந்த எஸ்.ஆர்.பொம்மை போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, மெஜாரிட்டி இருக்கா இல்லையான்றதை சபையிலதான் பார்க்கணும், கவர்னர் மனசுக்குத் தோணுறதை வெச்சு இல்லன்னு. 1991 ஜனவரில கவர்னர் பர்னாலா ரிப்போர்ட் தரலன்னாலும் மெஜாரிட்டி இருந்த கருணாநிதி ஆட்சியைக் கலைச்சதைப் பார்த்த ஊரு இது, எங்க கிட்ட வந்து இதைப் பண்றீங்க. 1999ல வாஜ்பாய் அரசாங்கம் 269க்கு 270ன்னு ஒரே ஒரு ஓட்டுல போச்சு, ஆனா எண்ணித்தான் போச்சு! காய் வாங்குறவனுக்குத் தராசு முள்ளு தெரியணுமா இல்லையா?

இப்ப உங்க சப்போர்ட்டுக்கு வரேன். போன்ல எடுத்தவர், நான் பாதி சொல்லும்போதே சிரிச்சுட்டு, சார் இது கேம்தான, நிஜமாவே சிஎம் பதவி போன மாதிரி பேசுறீங்கன்னார். அந்த சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. கேம்தான்னா எதுக்கு சீசன் பாஸுக்கு 1,499 ரூபா வாங்குறீங்க? மேனேஜர் கிட்ட குடுங்கன்னேன், மேனேஜர் இதுக்கெல்லாம் வர மாட்டார்னு லைனைக் கட் பண்ணிட்டார். இதுக்கெல்லாம்னா எதுக்கெல்லாம்?

சரி நேர்லயே பேசிடுவோம்னு ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வில்லிவாக்கத்துலேர்ந்து கிளம்பி, சென்ட்ரல்ல இறங்கி பறக்கும் ரயில் புடிச்சு பெருங்குடி, அங்கேர்ந்து மெட்ரோ வேலை நடக்குற ஓஎம்ஆர்ல ஷேர் ஆட்டோ புடிச்சு உங்க ஆபீசுக்கு வந்தேன். செக்யூரிட்டி ரெஜிஸ்டர்ல வந்த காரணம்ன்ற கட்டத்துல புகார்னு எழுதினதும் உள்ள போன் பண்ணிட்டு ஓரமா நில்லுங்க சார்னுட்டார். உட்கார நாற்காலி கூட இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு பொண்ணு வந்து இங்க பிளேயர்ஸை பார்க்க மாட்டோம், டிக்கெட் போடுங்கன்னாங்க. அவங்க சொல்லிட்டு இருக்கும்போதே போன்ல மெசேஜ் வருது, உங்க டிக்கெட் மூடப்பட்டதுன்னு. அவங்க கிட்டயே காட்டினேன், பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க. என் மூணு சீசன் உழைப்பு, மரியாதை, ரூம்ல எனக்கு இருந்த பேரு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா லட்ச ரூபாய்ல கூட இந்த நஷ்டத்தை அடக்க முடியாது.

தயவு செஞ்சு கேக்குறேன், அந்த வாக்கெடுப்புப் பதிவை ரூம்ல போடுங்க, திரும்ப எண்ணுங்க. இனிமே மாடரேட்டர் எந்த முடிவு குடுத்தாலும் காரணத்தை எழுதணும், ஓட்டு எண்ணிக்கைல கை வெக்கவே கூடாதுன்னு ரூல் புக்ல சேருங்க. இல்லன்னா சீசன் பாஸ் காசைத் திருப்பிக் குடுங்க. போன்ல சிரிச்சவர் எனக்கு மன்னிப்பு மெயில் அனுப்பணும், இதுல நான் விட்டுக்கொடுக்கப் போறதில்ல.

2020 இ-காமர்ஸ் விதிப்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. பதில் வரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிட்டு நேரா சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கூட கிடையாது. பெரம்பூர் தம்பியும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கான். அது வரைக்கும் போக வெக்காதீங்கன்னு பணிவா கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாடு ரூம் சீசன் பாஸ் மெம்பர்,
வில்லிவாக்கம், சென்னை

இணைப்பு: ரிசல்ட் ஸ்கிரீன்ஷாட், கொறடா உத்தரவு, மூடின டிக்கெட்டுங்க எல்லாம்