துபாய்க்கு இரண்டரை மணி நேரம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையிலிருந்து வெளிநாட்டு நகரங்களுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஞாயிறு இணைப்பில் ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். தூரக் கணக்கில் குறையில்லை. நேரக் கணக்குதான் தூக்கிவாரிப் போட்டது. துபாய் போக இரண்டரை மணி நேரம், வர ஐந்தரை. சிங்கப்பூர் போக ஆறரை, வர ஒன்றரை! இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தை அப்படியே கழித்துவிட்டார்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம்.

மதுரையிலிருந்து இரண்டு ஊர்களுக்குமே வான்வழித் தூரம் ஏறக்குறைய 3,000 கி.மீ.தான். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. நேரடி விமானத்தில் எந்தப் பக்கம் போனாலும் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். மதியம் 12-க்குக் கிளம்பினால் அங்கே 2.30-க்கு இறங்கலாம். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் என்பதால் அதே 12 மணி விமானம் அங்கே மாலை 6.30-க்குப் போய்ச் சேரும். சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணியில் மதுரை என்றால் ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்துக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

லண்டன் கதை இன்னும் வேடிக்கை. சென்னையிலிருந்து சுமார் 8,200 கி.மீ., பத்திலிருந்து பதினொரு மணி நேரப் பயணம். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். உங்கள் கழித்தல் முறைப்படி பார்த்தால் லண்டன் ஐந்து மாதம் கிட்டே, ஏழு மாதம் எட்டே! போகும்போது மேல்காற்று எதிர்த்து அடிப்பதால் வழக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகும், வரும்போது குறையும். நிஜமான வித்தியாசம் அவ்வளவுதான்.

டிக்கெட் போடும் தொழிலில் இருப்பவன் என்பதால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்பிய திருமங்கலத்து அம்மா ஒருவர் அட்டவணையை வெட்டி எடுத்துக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். "ஆறரை மணி நேரம்னு போட்டிருக்கே தம்பி, ரெண்டு வேளைக்குப் புளியோதரை கட்டணுமா? வரும்போது ஒன்றரை மணி நேரம்தானே, மாத்திரையைப் பெட்டியிலேயே போட்டுரவா?" சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புளியோதரையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு.

சுமாரான கணக்கு வேண்டுமென்றால் கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேருங்கள். நேரடி விமானத்துக்கு ஓரளவு சரியாக வரும். ஆனால் பெருங்குடியில் இருக்கும் மதுரை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். உசிலம்பட்டி, மேலூர்க்காரர்கள் வீட்டிலிருந்து வருகிற நேரமும் இருக்கிறது. சென்னையில் விமானம் மாறினால் காத்திருப்பு தனி. நான்கு மணி நேரப் பறத்தலுக்கு அரை நாள் போய்விடும்.

அடுத்த இணைப்பில் அட்டவணையைத் திருத்திப் போடுங்கள். பறக்கும் நேரம் ஒரு கட்டம், நம் நேரத்துக்கும் அந்த ஊர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்னொரு கட்டம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் நல்லது, வெட்டி வைத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் பெரியவர்கள்.

இப்படிக்கு,
பயணச்சீட்டு முகவர் ஒருவர்,
மேலமாசி வீதி, மதுரை.