இன்னிக்கு மூணு குரூப், 14 புள்ளி

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கியா, சாப்டியா. இங்க காலைல ஏழரைக்கே வெயில் வந்துடுச்சு, பத்து மணி ஆனா மிஸ்ட் ஏறிடும்னு அவசர அவசரமா டெலஸ்கோப்ப வாசல்ல வச்சு, சூரியன அட்டையில விழ வச்சு கரும்புள்ளிய எண்ணி முடிச்சேன். மூணு குரூப், 14 புள்ளி. குரூப்புக்கு பத்துன்னு மூணு பத்து முப்பது, கூட 14, ஆக 44. நேத்து மேற்கு ஓரத்துல நின்ன பெரிசு இன்னிக்கு பின்னால போயிடுச்சு, ரெண்டு வாரம் கழிச்சு கிழக்கால வருதா இல்ல அதுக்குள்ள கரைஞ்சுடுதான்னு பாக்கணும்.

நீ கேமரா போட்டு பேசி 27 நாள் ஆச்சு. குத்தமா சொல்லல. தினம் சூரியன வரையிற நோட்ட புரட்டினப்ப கண்ணுல பட்டுச்சு, அன்னிக்கு பக்கத்து ஓரத்துல "பாப்பா போன்"னு பென்சில்ல எழுதி வச்சிருந்தேன். சூரியன் நமக்கு ஒரு சுத்து சுத்திக் காட்ட கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும், அதான் சொன்னேன்.

டார்ச் வாங்கி வச்சுக்கன்னு போன தடவையே சொன்னேன், வாங்கினியான்னு தெரியல. சூரியன்ல புள்ளி உச்சத்துக்கு போற மேக்சிமம் 2024 அக்டோபரோட தாண்டிடுச்சு, சராசரி எண்ணிக்கை 160.9 வரைக்கும் போச்சுன்னு கணக்கு போட்டுட்டாங்க, ஆனா இறங்குற காலத்துலயும் சூரியன்லேருந்து திடீர்னு பெரிய புயல் வரும், அத நம்பவே கூடாது. 1989 மார்ச் 13 அன்னிக்கு நீ இப்ப இருக்கியே அதே கியூபெக்ல ஒண்ணரை நிமிஷத்துல மொத்த மாநிலத்துக்கும் கரண்ட் போயிடுச்சு, அறுபது லட்சம் பேர் ஒம்பது மணி நேரம் குளிர்ல இருட்டுல கெடந்தாங்க, சூரியன்லேருந்து வந்த புயல் பூமியோட காந்தத்த ஆட்டி அங்க பெரிய லைன்ல எல்லாம் தேவையில்லாத கரண்ட ஓட விட்டதுதான் காரணம். அப்புறம் எவ்வளவோ சரி பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்க. இருந்தாலும் வாங்கி வை. மெழுகுவர்த்தியும்.

2024 மே 10 ராத்திரி நீ அனுப்பின போட்டோவ இன்னும் அழிக்கல. வானம் பச்சையும் ரோஸுமா, பால்கனி கம்பியில மாப்பிள்ளையோட கை தெரியும், காபி டம்ளர புடிச்சிருப்பார். அத கிளப்பி விட்டது 3664ன்னு நம்பர் குடுத்த புள்ளிக் கூட்டம், அகலத்துல பதினஞ்சு பூமிய வரிசையா வைக்கலாம். கிரகண கண்ணாடி போட்டு டெலஸ்கோப் இல்லாமலே இங்க பாத்தேன். லடாக்ல ஹான்லே வரைக்கும் வானம் செவந்துச்சு. இவ்வளவு தூரத்துல நீ பாக்குறதும் நான் பாக்குறதும் ஒண்ணுதான்னு அன்னிக்கு ரொம்ப பெருமையா இருந்துச்சு, பால்காரர்கிட்ட கூட காட்டினேன். வெறும் கண்ணால சூரியன பாக்காத, சாயங்காலம்னாலும் பாக்காத.

ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. முப்பது வருஷத்துக்கு மேல டீச்சர் உத்தியோகம் பாத்தவ உன் அம்மா, தினம் ஒரு அட்டையில வெளிச்சம் எங்க விழுதுன்னு பாக்குறவ. முன்னெல்லாம் உங்க ஊர் காலை எட்டரைக்கு பேசினா வெளிச்சம் உன் இடது கன்னத்துல விழும். கடைசியா பேசினப்ப அதே எட்டரை, வெளிச்சம் வலது பக்கம். பின்னால செவுத்துல அந்த யானை படம் இல்ல. நான் ஒண்ணும் கேக்கல. வேலை எல்லாம் நல்லா போகுதாம்மா.

சின்னதுல ஒரு கேள்வி கேட்டியே ஞாபகம் இருக்கா, ஒரே ஒரு புள்ளி இருக்குற அன்னிக்கு ஏன்மா 11னு எழுதற, 1னு எழுதினா என்னன்னு. சுவிட்சர்லாந்துல உல்ஃப்னு ஒருத்தர் போட்ட கணக்கு, குரூப்புக்கு பத்து, புள்ளிக்கு ஒண்ணு, அப்ப தனிப்புள்ளியும் ஒரு குரூப்தானேன்னு சொன்னேன். "அது மட்டும் எப்படிம்மா குரூப் ஆகும்"னு நாள் பூரா நச்சரிச்ச. ஆகும் பாப்பா. நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல அப்படித்தான் எண்றாங்க.

அப்புறம் ஆறாவது படிக்கறப்ப உன்ன அடிச்சேன். எனக்கு காய்ச்சல்னு நோட்ட உன்கிட்ட குடுத்திருந்தேன், அன்னிக்கு பூரா மேகம், நீ பாட்டுக்கு நாலு புள்ளி வச்சு அழகா பேர் தேதி எல்லாம் போட்டு வச்சிருந்த. ஸ்கேலால அடிச்சேன். மேகம்னா மேகம்னு எழுது, எழுத வெக்கமான்னு கத்தினேன். மேல கொடைக்கானல் அப்சர்வேட்டரில 1904லேருந்து தினம் சூரியன போட்டோ எடுக்கறாங்க, வெள்ளைக்காரன் காலத்துலேருந்து, அங்கயே மேகம் மூடின நாளுக்கு பிளேட் கிடையாது, காலியாத்தான் விட்டிருக்காங்க, உனக்கு என்ன கேடுன்னு. அட்டைய ஆட்டிப் பாக்க சொல்லிக் குடுத்ததும் நீதான் முதல்ல கத்துக்கிட்ட, கூடவே ஆடினா காகிதத்து அழுக்கு, நின்ன எடத்துல நின்னா நெசமான புள்ளி. கெட்டிக்காரிய அடிச்சேன்.

இத எழுதணும்னு நெனச்சு உக்காரல. போன வாரம் பரண்ல 2003 நோட்டு கெடச்சது, அதான்.

லீவுக்கு வந்துட்டு நீ ஹாஸ்டலுக்கு பஸ் ஏறின மறுநாள், அக்டோபர் 25, அப்பாவ மதுரை ஆஸ்பத்திரில சேத்தோம். ஒம்பது நாள் நான் அங்கதான் இருந்தேன். ஆனா நோட்டுல ஒம்பது நாளும் படம் இருக்கு. எல்லாம் முடிஞ்சு காரியத்துக்கு அப்புறம் ஒரு ராத்திரி உக்காந்து போட்டேன். 24ஆம் தேதி பாத்த ரெண்டு பெரிய புள்ளிய வச்சுக்கிட்டு, நாளைக்கு 13 டிகிரின்னு நகத்தி நகத்தி வரைஞ்சேன். காலியா விட்டா யாராச்சும் பாத்துடுவாங்கன்னு இல்ல, அந்த நோட்ட யாரு பாக்கப்போறா. என்னால காலியா விட முடியல.

அந்த வாரம்தான் 26ஆம் தேதி வாக்குல வடக்கு பாதியில ஒண்ணுமே இல்லாத எடத்துல ஒரு புள்ளி மொளைச்சு ரெண்டு மூணு நாள்ல பூதமா பெருத்துச்சு, 488ன்னு நம்பர் குடுத்தாங்க. 28ஆம் தேதி, நான் பாத்த ரெண்டு பெரிய புள்ளியில ஒண்ணான 486லேருந்து எவ்வளவு பெரிய வெடிப்பு, நவம்பர் 4ல அதுக்கும் மேல, அளக்குற கருவியே மேல போக முடியாம நின்னுடுச்சாம். இதெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சு உன் பழைய கம்ப்யூட்டர்ல அந்த தேதி படங்கள பாத்தப்பதான் தெரிஞ்சுது. என் நோட்டுல 488 இல்ல. ஒம்பது பக்கத்துலயும் இல்ல. அழகா வரைஞ்சிருக்கேன், பாக்குறவனுக்கு சந்தேகமே வராது.

அதே ஒம்பது நாளும் உன் ஹாஸ்டல் போனுக்கு அப்பாவுக்கு சளிதான், ஒண்ணுமில்ல, நீ படின்னேன். பிளஸ் டூன்னு ஒரு சாக்கு. நீ வந்தப்ப அவர் பேசற நிலைமையில இல்ல. ஏன்மா சொல்லலன்னு ஒரே ஒரு தரம் கேட்ட, அதுக்கப்புறம் இருபத்தி ரெண்டு வருஷமா கேக்கல. நான் பயந்துட்டேன் பாப்பா, அவ்வளவுதான். நீ நல்லா இருக்கேன்மா, எல்லாம் நல்லா இருக்குன்னு தெனம் வாட்ஸாப்புல போடறப்பல்லாம் இத யாருகிட்ட கத்துக்கிட்டான்னு எனக்கு தெரியும்.

பழைய பக்கத்த கிழிக்கல. ஒவ்வொண்ணு மேலயும் செவப்பு பேனாவால பாக்கலன்னு எழுதிட்டேன்.

மத்தபடி இங்க எல்லாம் அப்படியேதான். பின் ரூம் ஒழுகிட்டிருந்துச்சு, ஷீட்டு மாத்தியாச்சு, ஹீட்டரும் ரிப்பேர் பண்ணியாச்சு, அந்த ரூம்ல யாராச்சும் எத்தன மாசம் இருந்தாலும் குளிராது. முருகேசன் சித்தப்பா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சாப்பிடு, ராத்திரி கதவ பூட்டிக்க, சூரியன வெறும் கண்ணால பாக்காத.

எதிர் வீட்டு பொண்ணு அடுத்த மாசம் மாண்ட்ரியல் வர்றா. டார்ச் இங்கேயே வாங்கி குடுத்து விடறேன். ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமான்னு மட்டும் சொல்லு.

அம்மா