மேட்டு நிலக் கடலைக் கொல்லைகளுக்குக் கரி உலை கேட்டு மனு

அனுப்புநர்: மானாவாரி விவசாயிகள், ஒரத்தநாடு வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்.

பொருள்: உயிர்க்கரி தயாரிக்க உலையும், வயலில் சோதனைத் திடலும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

டெல்டா என்றாலே ஆற்றுப் பாசனமும் நெல்லும்தான் நினைவுக்கு வரும். 1934-இல் கல்லணைக் கால்வாய் வந்த பிறகும் தண்ணீர் ஏறாத செம்மண் மேடுகள் எங்கள் பக்கம் உண்டு. வானம் பார்த்துத்தான் கடலையும் உளுந்தும் எள்ளும் போடுகிறோம். மழை விட்ட மூன்றாம் நாளே மண் காய்ந்துவிடும். போட்ட உரமும் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

இதற்கு உயிர்க்கரி உதவும் என்று நம்புகிறோம். விறகைக் காற்று அதிகம் புகாமல் சுட்டு மண்ணில் இடும் கரி இது. இதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். நீரையும் சத்தையும் அவை பிடித்து வைக்கும். தொழு உரம் சில வருடத்தில் மக்கித் தீர்ந்துவிடும். கரி பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

இம்மனுவை எழுதும் நான், முதல் வருடம் சுட்ட கரியை அப்படியே எள்ளுக் கொல்லையில் கொட்டினேன். செடி மஞ்சளித்துவிட்டது. வெறும் கரி மண்ணின் தழைச்சத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறு வருடம் கரியைப் பொடித்து, கோமியமும் சாணக் கரைசலும் ஊற்றி, தொழு உரத்தோடு 20 நாள் ஊறவைத்து, 10 சென்ட்டில் மட்டும் இட்டுக் கடலை விதைத்தேன். பூவிலிருந்து விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும் சமயம் இரண்டு வாரம் மழையே இல்லை. பக்கத்துப் பாத்தியில் உச்சி வெயிலுக்கு இலை மடங்கிப்போனது. கரி இட்ட பாத்தியில் விரலை விட்டால் அரைச் சாண் ஆழத்தில் ஈரம் தட்டியது.

சுடுவதற்குப் பொருள் இங்கேயே இருக்கிறது. 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை வேறு வழியின்றிக் கொளுத்தினோம். இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது. தென்னை மட்டையும் சீமைக்கருவேலமும் இப்போதும் வீணாகின்றன. ஆனால் 100 கிலோ காய்ந்த விறகுக்கு 25 கிலோ அளவில்தான் கரி கிடைக்கும். பழைய டிரம்மில் சுட்டால் புகை ஊரையே சூழ்கிறது, பாதி சாம்பலாகிறது. ஏக்கர் கணக்கில் போட இது ஆகாது.

ஆகவே, புகை குறைந்த நடமாடும் உலை ஒன்றை வேளாண் பொறியியல் துறை மூலம் எங்களுக்கு வாடகைக்குத் தர வேண்டுகிறோம். ஏரிப் புறம்போக்கில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டிக்கொள்ளவும் அனுமதி வேண்டும். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரியோ காட்டுத்தோட்டம் ஆராய்ச்சி நிலையமோ எங்கள் வயலில் இரண்டு மூன்று பட்டம் தொடர்ந்து சோதித்து, ஏக்கருக்கு எவ்வளவு இடலாம் என்று சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: மண் பரிசோதனை இல்லாமல் யாருக்கும் உயிர்க்கரியைக் கொடுக்க வேண்டாம். கரிக்குக் காரத்தன்மை உண்டு. அமிலத்தன்மை உள்ள செம்மண்ணுக்கு அது நல்லது. ஏற்கெனவே காரம் மிகுந்த களர் நிலத்தில் நிலைமையை இன்னும் கெடுக்கலாம்.

ஆடிப் பட்டத்துக்கு முன் உலை வந்தால் இந்த வருடமே தொடங்கிவிடுவோம். திடலுக்கு என் நிலத்தில் அரை ஏக்கர் ஒதுக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரத்தநாடு வட்ட மானாவாரி விவசாயிகள் சார்பில்,
கடலை விவசாயி ஒருவர்