போனஸ் கொடுங்கள், அடுத்த வருடமும் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு (பத்திரிகை ஆசிரியரைச் சொல்கிறேன், இதற்குக் கீழே வருகிற ஆசிரியரெல்லாம் பள்ளிக்கூட ஆசிரியர்தான்),

அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில் அவை தனியார் பள்ளிகள் போலவே ஒரு தொனி இருந்தது. அப்படி இல்லை. கட்டணம் கிடையாது, அரசுப் பணத்தில் ஓடுபவை, நிர்வாகம் மட்டும் தனி. 1991ல் மின்னசோட்டா மாநிலம்தான் இதற்கு முதலில் சட்டம் போட்டது. என் மனைவி அரிசோனாவில் அப்படி ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், அதனால் அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கு போனஸ் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் அதில் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

போனஸ் என்றதும் நமக்குத் தீபாவளி ஞாபகம் வரும். இங்கே அது பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணோடு கட்டப்பட்டது. மனைவி முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஏதோ ஒரு மானியத்தில் மூன்று வருடம் கொடுத்தார்கள். கணக்கு, ஆங்கிலம் எடுப்பவர்களுக்கு மட்டும். பக்கத்து அறையில் அறிவியல் எடுத்தவர் பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார், அவர் பாடத்துக்கு அந்த வகுப்பில் மாநிலத் தேர்வு இல்லை என்பதால் அவருக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு மே மாதம் நாலு வரியில் மின்னஞ்சல் வந்தது, மானியம் முடிந்தது, நன்றி. அந்தப் பணத்தை நம்பி கார் கடன் எடுத்தவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது அந்த வராந்தாவில் ஆசிரியர்களில் பாதி முகங்கள் புதுசு.

பணம் காட்டினால் மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் கணக்கு ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை தருவதாகச் சொல்லி மூன்று வருடம் சோதித்துப் பார்த்தார்கள், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நியூயார்க் நகரம் 2007ல் பள்ளி முழுவதற்குமாக, ஆசிரியருக்கு 3,000 டாலர் கணக்கில் கொடுக்க ஆரம்பித்து, பலன் இல்லை என்று 2011ல் கைவிட்டது. சரி, அப்படியானால் எதற்கு போனஸ்? நல்லவர்கள் ஓடிப்போகாமல் இருக்க. ஆனால் அதற்கு அது வருடா வருடம் வர வேண்டும், வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

சார்ட்டர் பள்ளிக்குச் சிக்கலே இங்கேதான். அரிசோனாவில் சாதாரண மாவட்டப் பள்ளிகள் சம்பளத்துக்குப் பணம் போதவில்லை என்றால் வாக்காளர்களிடம் போய் சொத்து வரியில் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம், சார்ட்டர் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை. மாநிலம் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் நன்கொடை, இல்லையென்றால் மத்திய அரசிடம் போட்டி போட்டு வாங்கும் நிதி (2006ல் அப்படி ஒன்று தொடங்கியது). இந்தக் கடைசி இரண்டும் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால் டெக்சஸ் 2019ல் செய்தது பரவாயில்லை. திறமையான ஆசிரியர் என்று அடையாளம் காணப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் பள்ளி நிர்வாகத்துக்கு 3,000 முதல் 32,000 டாலர் வரை என்று சட்டத்திலேயே வைத்தார்கள், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் கிராமப் பள்ளிக்கும் தொகை கூடும், சார்ட்டர் பள்ளிகளுக்கும் உண்டு. அதில் 90 சதவீதமாவது அந்தப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்துக்கே போக வேண்டும், நிர்வாகம் வேறு செலவுக்கு எடுத்துவிட முடியாது. எங்கள் அரிசோனா மக்களோ 2000லேயே டாலருக்கு 0.6 சென்ட் கூடுதல் விற்பனை வரிக்கு வாக்களித்தார்கள். அதிலிருந்து வகுப்பறைக்கென்று ஒதுக்கிய நிதியில் 40 சதவீதம் செயல்பாட்டுக்கேற்ற ஊதியத்துக்கு என்று அந்தச் சட்டமே சொன்னது, சார்ட்டர் ஆசிரியர்களையும் விடவில்லை. 2018ல் மாநிலச் சட்டமன்றம் அந்த வரியை 2041 வரை நீட்டித்தது. வியாபாரம் படுத்தால் தொகையும் படுக்கும், 2008க்குப் பிறகு அப்படித்தான் ஆனது. இருந்தாலும் ஒரு மின்னஞ்சலில் நின்றுபோகாது.

அதனால் போனஸ் வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் வைப்பதை விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு என்று அடுத்த கட்டுரையில் கேளுங்கள்.

மனைவிக்கு இந்த வருடம் எவ்வளவு வரும் என்று இன்னும் தெரியாது. போன மாதம் ஒரு பிரிட்ஜ் வாங்கினோம், பில்லில் வரியைப் பார்த்து நான் முணுமுணுத்தேன். அதில் அரைக்காசாவது எனக்குத்தான் திரும்பி வரும், பேசாமல் வாருங்கள் என்றார்.

இப்படிக்கு,
அரிசோனாவிலிருந்து ஒரு வாசகன்