கடைமடை வரை போன குழம்பு

தஞ்சாவூர்

அன்புள்ள சுப்பிரமணிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீ கோல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. தங்கச்சி உன்னைப் பார்த்துக்கொள்கிற பார்ப்புக்கு நீ இன்னும் இரண்டு மாதத்தில் தோட்டத்துக்கே போய்விடுவாய். இங்கே சரோஜாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் அடுத்த மாதம் பிள்ளைகளோடு வருகிறாள். மற்றதெல்லாம் பழையபடிதான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். பேரன் காட்டிய படத்தில் நிலாவில் ஆறு மாதிரி ஒரு பள்ளம் வளைந்து வளைந்து போகிறதே, அங்கே தண்ணீர் ஓடியதா என்று கேட்டிருந்தாய். தண்ணீர் இல்லை, ஓடியது எரிமலைக் குழம்பு. இதைப் போனிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டு எழுத ஆசை. அதற்கு வளர்பிறைத் துவாதசி வர வேண்டியிருந்தது.

பௌர்ணமியன்று நிலாவில் பார்க்க ஒன்றும் இருக்காது. வெயில் நேராக விழுவதால் மேடு பள்ளம் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். நிழல் நீளமாக விழும் இடத்தில்தான், அதாவது அங்கே பொழுது விடிகிற கோட்டின் ஓரத்தில்தான், தரையின் உருவம் தெரியும். அந்தக் கோடு ஒவ்வொரு திதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும். அஷ்டமியன்று நிலாவின் நடுவில் நிற்கும். துவாதசி வாக்கில் அரிஸ்டார்க்கஸ் என்ற வட்டப் பள்ளத்தைத் தாண்டும். நம் வீடுகளில் அஷ்டமி, நவமி என்றால் ஒன்றும் தொடங்க மாட்டார்கள். நிலா பார்க்கிறவனுக்கோ அந்த வாரம் முழுக்கவே திருவிழா.

முந்தாநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, மகன் வாங்கிக் கொடுத்த ஆறு அங்குலத் தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நிலா ஏறக்குறைய உச்சியில் இருந்தது. 150 மடங்கு பெருக்கத்தில் முதலில் கண்ணில் அடித்தது அரிஸ்டார்க்கஸ். 40 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம், சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்படி ஒரு வெளிச்சம். அதன் பக்கத்திலேயே ஹெரோடோட்டஸ் என்ற மங்கலான பள்ளம். அதற்குச் சற்று வடக்கே தலை தூக்கிய நல்ல பாம்பு மாதிரி ஒரு குழி, அதிலிருந்து வளைந்து போகும் ஒரு வால். ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு என்பது இதுதான். பாம்புத் தலையை வெள்ளைக்காரர்களும் நாகத்தலை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கரையில் கறுப்பு நிழல், எதிர்க் கரையில் வெளிச்சம். காற்று அசையும்போது கலங்கும், அடங்கினால் நொடி நேரம் கத்தியால் கீறின மாதிரித் தெளியும். அந்த ஒரு நொடிக்காகக் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

அப்போதுதான் முப்பது வருஷம் கால்வாய்க் கரையில் நடந்த எனக்கு ஒன்று உறைத்தது. ஆறு என்றால் போகப் போக அகலமாக வேண்டும். வழியெல்லாம் ஓடைகள் வந்து சேரும், கடலை நெருங்க நெருங்க விரியும். இதுவோ தலைமாட்டில் 10 கிலோமீட்டர் அகலம், வால் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. 160 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒடுங்கிக்கொண்டே போகிறது. வந்து சேரும் ஓடையும் கிடையாது, கடைசியில் வண்டல் விசிறியும் கிடையாது. இது ஆற்றின் இலக்கணமே இல்லை, நம் வாய்க்காலின் இலக்கணம். தலைமதகில் அகலம், கடைமடையில் முழ அளவு. வாய்க்காலில் மடைக்கு மடை தண்ணீர் பிரிந்து போவதால் அப்படி. அங்கே பிரிந்து போனது சூடு. நாகத்தலைக் குழியிலிருந்து பொங்கிய குழம்பு கிளம்பும்போது 1200 டிகிரி வாக்கில் இருந்திருக்கும். அந்தச் சூட்டில் அடித்தரையையே உருக்கி அரித்துக்கொண்டு போயிருக்கிறது. தூரம் போகப் போக ஆறி, அரிக்கிற சக்தி குறைந்து, கடைமடையில் அடங்கிவிட்டது.

நிலாவின் குழம்பு நம் எரிமலைகளில் வழிவது போல மந்தமானதும் இல்லை. இரும்பு அதிகம், குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு. என்ஜின் ஆயில் மாதிரி ஓடும் என்கிறார்கள். வெளிவந்த அளவும் மிகப் பெரிது. இப்படி நீளமாகப் போகும் பள்ளங்களுக்கு ரில் என்று பெயர். ஜெர்மன் மொழியில் கீறல், காடி என்று பொருள்.

அந்தப் பள்ளத்தாக்கின் தரையிலேயே இன்னொரு சின்ன ரில் நெளிந்து ஓடுகிறது. என் தொலைநோக்கிக்கு அது எட்டவில்லை, விண்கலப் படங்களில்தான் பார்த்தேன். சித்திரை வெயிலில் கொள்ளிடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அத்தனை அகல மணலின் நடுவே ஒரு நூல் தண்ணீர். அப்படியே இருக்கிறது. வரத்து குறைந்த காலத்தில் ஓடிய குழம்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

1969-ல் மனுஷன் முதன்முதலாக நிலாவில் இறங்கியதை நாம் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்டோமே, அது ஊருக்கே தெரியும். 1971 ஜூலையில் அப்பல்லோ 15 போனது நம் ஊரில் யார் காதிலும் விழவில்லை. கல்லும் மண்ணும் தெரிந்தவனுக்கு அந்தப் பயணம்தான் பெரிசு. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் அப்பென்னைன் மலை அடிவாரத்தில், ஹாட்லி ரில் கரையருகே இறங்கினார்கள். நிலாவில் முதன்முதலாக வண்டி ஓட்டியதும் அவர்கள்தான். அந்த ரில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 300 மீட்டருக்கு மேல் ஆழம். கரை ஓரம் நின்று எதிர்க் கரையைப் படம் பிடித்தார்கள். கிணறு வெட்டும்போது மண் அடுக்கடுக்காகத் தெரியுமே, அதுபோலப் பாறை அடுக்குகள் அதில் தெரிந்தன. ஒரே தடவை அல்ல, பல தடவை குழம்பு பரவி, ஆறி, அதன்மேல் மறுபடி பரவியிருக்கிறது. அங்கே எடுத்த, குழம்பு உறைந்த கறுப்புக் கற்களின் வயது சுமார் 330 கோடி ஆண்டு. அந்தக் கல்லில் தண்ணீர் ஓடி ஊறிய தடமே இல்லை. ஆறா, குழம்பா என்ற பழைய வாதம் அதோடு ஓய்ந்தது.

330 கோடி ஆண்டு, சுப்பிரமணி! வருஷா வருஷம் தூர்வாரியே என் சர்வீஸ் முடிந்தது. ஒரு மழைக்கு மண் சரியும், மறு மழைக்குக் கோரை மண்டும். அங்கே மழை இல்லை, காற்று இல்லை. கரையிலிருந்து உருண்ட பாறையும் விண்கல் அடித்த புழுதியும் கொஞ்சம் அடியில் கிடக்கின்றன, அவ்வளவுதான். தூர்வாராத கால்வாய் இன்னும் வாய் பிளந்து நிற்கிறது.

சில இடங்களில் குழம்பின் மேல்பரப்பு பாலாடை மாதிரி உறைந்து கூரையாகிவிட, உள்ளே ஓடியது வடிந்துபோய்க் குகை மிஞ்சியிருக்கிறது. ஜப்பானின் ககுயா விண்கலம் எடுத்த படங்களில் மாரியஸ் குன்றுகள் பகுதியில் அப்படி ஒரு ஓட்டையை 2009-ல் கண்டுபிடித்தார்கள். நம் சந்திரயான்-1 எடுத்த படங்களை வைத்து, கூரை இடியாத 1.7 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றை இஸ்ரோக்காரர்கள் அடையாளம் காட்டினார்கள். வெளியே பகலில் 120 டிகிரி, ராத்திரி பூச்சியத்துக்குக் கீழே 130-ஐத் தாண்டும். இப்படிப்பட்ட ஓர் ஓட்டையின் நிழல் பகுதியில் 17 டிகிரி வாக்கில் நிலையாக இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மார்கழி விடியலில் நம் ஊர்க் குளிரைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். நாளைக்கு மனுஷன் அங்கே போய்த் தங்கினால் முதல் வீடு அந்தக் குகையாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லா ரில்லும் குழம்பு ஓடியது என்று நினைத்துவிடாதே. அரியடேயஸ் ரில் 300 கிலோமீட்டர் நீளம், அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேர். குறுக்கே வரும் மேட்டையும் அறுத்துக்கொண்டு போகிறது. ஓடுகிற எதுவும் மேட்டைச் சுற்றித்தான் போகும், மேட்டில் ஏறாது. அது இரண்டு வெடிப்புக்கு நடுவே தரை இறங்கியதால் வந்தது. நவமியன்று தெரியும் நேர்ச்சுவர் என்ற நீண்ட சரிவும் தரை பிளந்து ஒரு பக்கம் தாழ்ந்ததுதான்.

இனி உன் ஊர் சங்கதி. ஸ்காட் அந்தப் பயணத்தில் எடுத்த வெளிர் நிறக் கல் ஒன்றுக்கு ஆதிக்கல் என்று பெயர் வைத்தார்கள். வயது 400 கோடி ஆண்டுக்கு மேல். குழம்பு ஓடுவதற்கு வெகு காலம் முன்பே நிலாவின் முதல் மேலோடாக உறைந்த வகை. அந்தப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். அதே வகைப் பாறைதான் உன் வீட்டுக்குப் பக்கத்தில், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. நிலா மண்ணைப் போலவே ஒரு மண் செய்ய வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது அந்தக் கல்லைத்தான் எடுத்துப்போய் அரைத்தார்கள். சந்திரயான் வண்டிகளை அந்த மண்ணில் ஓட்டிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 தென்துருவப் பக்கமாக இறங்கி மண்ணைச் சோதித்தபோது, அங்கேயும் அதே இனம்தான். அந்தப் பக்கம் எத்தனை தடவை நாம் சைக்கிளில் போயிருப்போம், ஒரு நாளாவது குனிந்து பார்த்தோமா? நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

ஹாட்லி ரில்லை என் தொலைநோக்கியில் பிடிக்க இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், இன்னும் சிக்கவில்லை. அதற்கு அஷ்டமி வாக்கில் காற்று அடங்கிய ராத்திரி வேண்டும். அடுத்த வளர்பிறை சப்தமிக்கே கிளம்பி வா, நவமி முடிய இரு. மாடிப்படி உயரம் குறைவு, கைப்பிடியும் போட்டிருக்கிறேன். மேலே கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. சரோஜா உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். பேரனையும் கூட்டி வா. வரும்போது சித்தம்பூண்டிப் பக்கம் பையனை அனுப்பி, கையடக்கமாக ஒரு வெள்ளைக் கல் எடுத்துவரச் சொல். கையில் அதை வைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கலியபெருமாள்